வெங்காயத் தொட்டிக்கு வெள்ளையடித்த கதை

தாய்மாமன் வீட்டில் பெண் எடுக்கலாம், பொங்கல் சீர் வாங்கலாம். ஆராய்ச்சி மட்டும் செய்யக் கூடாது. பட்டவன் சொல்கிறேன்.

2008 வாக்கில் சிதம்பரத்தில் வேளாண்மை முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். சின்ன வெங்காயத்தை நாற்று விட்டு நட்டால் நல்லதா, வெங்காயத்தையே விதையாக ஊன்றினால் நல்லதா, எந்த மண்ணில் எது தேறும்? இதுதான் என் ஆராய்ச்சி. (சொந்தக்காரர்களிடம் சொன்னால், "இதுக்கு எதுக்குப்பா காலேஜு?" என்பார்கள்.) கல்லூரியில் இடம் கிடைக்காததால் அதே ஊரில் இருந்த மாமா வீட்டு மொட்டை மாடி நிறையத் தொட்டி வைத்தேன். சிலவற்றில் செம்மண், சிலவற்றில் மணல் கலந்த வண்டல், சிலவற்றில் தேங்காய் நார்க்கழிவு, மீதியில் பெண்ணாடத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த கரும்பாலைக் கழிவு. (அந்தக் கண்டக்டர் என்னை இன்னும் மன்னித்திருக்க மாட்டார்.)

எதில் என்ன இருக்கிறது என்று தெரிய, தொட்டிக்குள் பிளாஸ்டிக் அட்டை செருகச் சொன்னார் பேராசிரியர். நான் கேட்பேனா? தொட்டியின் வயிற்றில் சிவப்புப் பெயின்ட்டில் அழகழகாக எழுதினேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற திமிர்.

வெங்காயம் முற்றி, தாள் சாயத் தொடங்கிய நேரம், தண்ணீர் ஊற்றும் வேலையை மாமாவிடம் விட்டுவிட்டு மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் போனேன். போகிக்கு முதல் நாள் திரும்பி வந்து மாடி ஏறினால் கண் கூசியது. தொட்டியெல்லாம் பளிச்சென்று வெள்ளை. விளிம்பில் காவிப் பட்டை வேறு. போதாததற்கு, குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல உயரவாரியாக வரிசையில் நின்றன.

"எப்புடி மாப்ள?" மாமாவின் மூக்கில்கூடச் சுண்ணாம்பு. "ஊட்டுக்கு அடிச்சதுல மிச்சம் இருந்துச்சு. நீ கண்டபடி கலைச்சு வச்சிருந்தியே, அடுக்கிட்டேன்."

"மாமா, அதுல எழுதியிருந்தேனே!"

"ஏதோ கிறுக்கி இருந்துச்சு. உப்புத்தாள் போட்டுச் சுரண்டிட்டுதான் அடிச்சேன். இப்பத் தெரியுதா பாரு!"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெயிலும் நிழலும் எல்லாவற்றுக்கும் சமமாகக் கிடைக்கட்டும் என்று கணக்குப் போட்டுக் கலைத்து வைத்திருந்த வரிசை அது. ஆராய்ச்சி போச்சு, பட்டம் போச்சு, இனி இன்னொரு வருஷம். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன்.

சத்தம் கேட்டு வந்த அத்தை, மாமாவைப் பிடிபிடியென்று பிடித்தார். மாமா பதறிப்போனார். "இரு மாப்ள, எது எங்க இருந்துச்சோ அங்கயே வச்சிடறேன்" என்று ஒரு தொட்டியைத் தூக்க, ஈரச் சுண்ணாம்பு வழுக்கி அது கீழே விழுந்து உடைந்தது. உள்ளேயிருந்து நார்க்கழிவு கொட்டியது. நடுவில் ஒற்றை வெங்காயம், தடியாக.

எனக்குப் பொறி தட்டியது. பக்கத்துத் தொட்டியில் ஒரு செடியைப் பிடுங்கினேன். கொத்தாக ஐந்தாறு வந்தன. நாற்று நட்டது ஒண்டிக்கட்டையாக வந்திருக்கிறது, விதை வெங்காயம் ஊன்றியது குடும்பம் குட்டியோடு வந்திருக்கிறது! எந்த மண் என்பது மேலாகக் கிளறினாலே தெரிந்துவிடும், பதற்றத்தில் அதுகூடத் தோன்றவில்லை. ஆலைக் கழிவுக்கு மூக்கே போதும். கடைசியில் போடும் எடைதான் எனக்கு வேண்டியது, அது மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. நல்லவேளை, மாமா வெளியே மட்டும்தான் வெள்ளையடித்திருந்தார். போன உயிர் திரும்பி வந்தது. மாமாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், என் சட்டையும் வெள்ளையானது.

பொங்கல் கழித்து வந்து பார்த்த பேராசிரியர், "தொட்டிய எவ்ளோ சுத்தமா வச்சிருக்கான் பாருங்க" என்று மற்ற மாணவர்களிடம் காட்டினார். நான் மறுக்கவில்லை.

இன்றும் போகி வந்தால் மாமாவிடமிருந்து போன் வரும். "மாப்ள, சுண்ணாம்பு கரைச்சிட்டேன். ஒன்னுது எதுனா மாடியில கெடக்கா?"

பின்னாலிருந்து அத்தை கத்துவார்: "கெடந்தா, உள்பக்கமா பேரு எழுதச் சொல்லுங்க!"