பிடிக்கு அடியில் ஒரு ‘க’

எழுபதுகளின் மெல்பேர்னில் புதுப்பொருள் எதையும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் ஆர்மரர் அங்கிள்தான். இலங்கையில் ராணுவப் பட்டறையில் இருபது வருடம் பழைய கைத்துப்பாக்கிகளைப் புதுப்பித்தவர். துருவைச் சுரண்டி, தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்றி, இரும்புக்கு மறுபடி கறுப்பு மெருகேற்றிப் படைக்கே திருப்பி அனுப்புகிற வேலை. ஸ்பிரிங்வேல் புறநகரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னறை அவருடையது.

யாராவது புது இஸ்திரிப்பெட்டி வாங்கி வந்தால், சூடேறும் முன்பே நாலு துண்டாகக் கிடக்கும்.

“ஒருக்கால் கழட்டிப் பூட்டாத சாமானை எப்பிடி ஐசே நம்புறது?”

என் கல்யாணப் படத்தையும் சந்தேகமாகத்தான் பார்த்தார். “இப்ப நல்லாத்தான் இருக்கும். முதல் ரிப்பேர் முடியட்டும், பிறகு சொல்லும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய ஆயுதங்கள் சேகரிப்பவர்களின் கண்காட்சிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். தொழிற்சாலையில் ஏறிய முதல் மெருகு குலையாமல் இருந்தால்தான் அங்கே மரியாதை. புதுப்பித்தது என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். சிவப்பு டை கட்டிய ஒரு கிழவரின் மேசையைச் சுற்றித்தான் பெருங்கூட்டம். மேசையில் ஒரு ரிவால்வர், பக்கத்தில் அட்டை: ‘கை படாத அசல்’.

அங்கிள் குனிந்து பார்த்தார். “ஐசே, இது நான் கறுப்பேத்தினது.”

“சும்மா இருங்க அங்கிள், எல்லாரும் பாக்கறாங்க!”

“பிடிக்கு அடியில ‘க’ இருக்கும். என்ர பேரின்ர முதலெழுத்து.”

அதையே கிழவரிடமும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். கிழவர் சிரித்துக்கொண்டே மரப்பிடியைக் கழற்றினார். இரும்பில், கடுகளவில், ‘க’. அது கீறல் அல்ல, எழுத்துதான் என்று சாட்சி சொல்ல, தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் அந்த மண்டபத்தில் நான் மட்டுமே. சொன்னேன். கூட்டம் மெல்லக் கலைந்தது. கிழவர் அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

திரும்பும் ரயிலிலிருந்து அங்கிள் இறங்கும்போதுதான், “அந்த மனுசன்ர முகத்தைப் பாத்தனீரே? நான் பேசாமல் இருந்திருக்கலாம்” என்றார். மறுநாளே முகவரி விசாரித்துக் கிழவர் வீட்டுக்குப் போனார். படகிலிருந்து தவறிய அதிகாரியோடு அந்த ரிவால்வரும் கடலோரக் களப்பு நீரில் விழுந்தது, சேறும் துருவுமாகப் பட்டறைக்கு வந்தது, நாலு நாள் அதோடு மல்லுக்கட்டியது எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கிழவர் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாராம்.

அடுத்த கண்காட்சியில் புது அட்டை: ‘புதுப்பிக்கப்பட்டது. புதுப்பித்தவர் இதோ இருக்கிறார், கேளுங்கள்.’ மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. அதில் கோட்டும் டையுமாக அங்கிள். போன தடவை கலைந்துபோனவர்களே தங்கள் துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு, “இதில் உங்கள் எழுத்து இருக்குமா?” என்று வரிசையில் நின்றார்கள்.

அன்று எனக்குக் கிரிக்கெட் ஆட்டம் இருந்தது. போகவில்லை. அவர் தொண்டை கட்டக் கட்டத் தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டு, மண்டபத்தைப் பூட்டும்வரை அங்கேயே நின்றேன்.