ஹாலிஎலையில் தெரிந்த சனி

மாலை ஆறு ஐம்பதுக்கு முதலில் தெரிந்தது ஒரு வளையம். நடுவில் கறுப்பு, சுற்றிலும் மஞ்சள். "சனிக் கிரகம்" என்று அறிவித்தேன். அன்று நான் ஹாலிஎலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் பெண் கேட்டுப் போயிருந்தேன்.

பெண் கேட்கப் போகிறவர்கள் பழத்தட்டோடு போவார்கள். நான் கூடவே ஒரு தொலைநோக்கியையும் தூக்கிக்கொண்டு போனேன். (அம்மா பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார மறுத்துவிட்டார்.) பத்திரிகைக்குப் பதுளைச் செய்தி அனுப்புகிற நான், வானியல் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதற்காகப் பண்டாரவளை ஆசிரியர் ஒருவரிடம் அதை இரவல் வாங்கியிருந்தேன். கட்டுரை வெளிவந்ததும், எனக்கு வானியல் தெரியும் என்று நம்பிய முதல் வாசகன் நான்தான்.

அது கண்ணாடி வைத்த தொலைநோக்கி. அடியில் குழிவான பெரிய கண்ணாடி, வாய்ப்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி, பக்கவாட்டில் கண் வைக்கும் குழாய். அந்தக் குழாயை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு திருகு. பெண் வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் வராந்தாவில், அதை நிறுத்தி, எதிர்மலை உச்சியில் தெரிந்த வெளிச்சப் புள்ளியைப் பிடித்துத் திருகினேன். திருகத் திருகப் புள்ளி பெருத்தது. பெருத்தால் சரி என்று நினைத்தேன். நடுவில் கறுப்பும் விழுந்ததும் சந்தேகமே இல்லாமல் போனது.

தேத்தண்ணித் தட்டோடு வந்த பெண்ணின் தாயார் பாதியிலேயே நின்றார். "பொண்ணு கேக்க வந்த எடத்துக்குச் சனியவா கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். தட்டு உள்ளே திரும்பிப் போனது. என் அம்மா பழத்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் விடாமல், சனியின் வளையங்கள் பெரும்பாலும் பனிக்கட்டி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். சம்பந்தம் முறிந்துவிட்டது என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது பெண் வந்தாள். கண்ணை வைத்துப் பார்த்தாள். என்னிடம் கேட்காமலே திருகை எதிர்ப்பக்கம் திருப்பினாள். "அப்பா, இங்க வாங்க" என்றாள்.

அவர் தேயிலை ஃபெக்டரியில் மின்சார வேலை பார்ப்பவர். குனிந்தபடியே சொன்னார்: "தலகீழா தெரியுது. ஆனா நான் மாட்டுன பல்புதாங்க. மூடி ஒடஞ்சிருக்கு, நாளைக்கு மாத்தணும்."

குவியம் தப்பினால் ஒளிப்புள்ளி இந்த வகைத் தொலைநோக்கியில் வளையமாக விரியும். நடுக்கறுப்பு அந்தச் சின்னக் கண்ணாடியின் நிழல். இதையெல்லாம் பிறகு படித்தேன்.

"அப்ப சனி இல்லையா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஃபெக்டரி லைட்டும்மா" என்றாள் மகள். தட்டு திரும்பி வந்தது.

கல்யாணம் ஆகி ஒன்பது வருடம். தோட்டத்தில் கரண்டு போனால் மாமியார் இன்றும் ஃபோன் போட்டு, "மாப்பிள்ள, அங்க சனி எரியுதா?" என்று கேட்கிறார். தொலைநோக்கியைப் பெண் கேட்டுப் போன மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சனிக் கிரகத்தை நான் இன்னும் பார்த்ததில்லை.