பம்பருக்கு ஒரு ஆபரேஷன்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்குப் பூகோள வாத்தியார் தன் வாழ்க்கையிலேயே பெரிய முடிவு ஒன்றை எடுத்தார். கார் பம்பருக்குத் தானே பெயிண்ட் அடிப்பது. யாருக்கும் தெரியாமல் அடிப்பது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அடித்து முடிப்பது.

ஒன்பது மணி எட்டு நிமிஷத்துக்குத்தான் ஷெட்டிலிருந்து காரைப் பின்னால் எடுக்கும்போது முன்பக்கத்து இடது மூலையை வாசல் கேட் தூணில் தேய்த்திருந்தார். உலகத்திலுள்ள நதிகள் எங்கெங்கே திரும்புகின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர். சொந்த வாசலில் எங்கே திரும்புவது என்பதில்தான் கொஞ்சம் தகராறு. பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் பிள்ளைகள் யாரும் இதைப் பார்க்கவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

வெறும் கீறல்தானே என்று நீங்கள் கேட்கலாம். கார் யாருடையது என்று தெரிந்தால் கேட்க மாட்டீர்கள். அவர் மனைவியின் அண்ணன் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஊரில் அந்த வேலையில் அவருக்கு மிஞ்சிய ஆள் கிடையாது. உடைந்து கிடந்த கார் ஒன்றை வாங்கி, நாலு மாசம் உட்கார்ந்து பழுது பார்த்து, தன் கையால் கடல் நீலம் அடித்துத் தங்கைக்குக் கொடுத்தார். சாவியை நீட்டும்போது, "மாப்பிள்ளை, குழந்தை மாதிரி பாத்துக்குங்க" என்றார். அந்தக் குழந்தையின் முகவாயில்தான் இப்போது ஒரு முழ நீளத்துக்குத் தோல் உரிந்திருந்தது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார். பார்த்தால் திட்ட மாட்டார். சிரிப்பார். கல்யாணம், காது குத்து என்று உறவுக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் வாத்தியார் காதுபடச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வாத்தியார் சாகும்வரை சிரிப்பார்.

மனைவி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். தெருவே அவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும். அப்படிக் கூப்பிட முடியாத ஒரே ஆள் வாத்தியார்தான். இருபத்தாறு வருஷமாக அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தொண்டையைக் கனைத்தே காலம் தள்ளிவிட்டார்.

கார் ஷெட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கார் நிற்கிற அகலம். ஒரு பாதியில் கார். மறு பாதியில் வாத்தியாரின் ராஜ்யம். ஒன்பது வருஷத்துப் பரீட்சைத் தாள்கள், சுருட்டி வைத்த சுவர் வரைபடங்கள், தாங்கி உடைந்த உலக உருண்டை, மிதித்தால் அழுகிற உடற்பயிற்சி சைக்கிள், பெட்டிக்குள் பெட்டிக்குள் பெட்டி. எல்லாம் என்றைக்காவது உதவும். என்றைக்கு என்பதை மட்டும் அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

அந்த ஷெட்டை சிஸ்டர் மூன்று தடவை கேட்டுவிட்டாள். ஆபரேஷன் முடிந்து நோயாளி வீட்டுக்குப் போனபிறகு, படுத்திருப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்கக்கூட வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. முதுகெல்லாம் புண்ணாகி அதே நோயாளி திரும்பி வருகிறார். அந்த வீட்டு ஆட்களுக்கு வாரம் இரண்டு நாள் இலவசமாக வகுப்பு எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. மூன்று தடவையும் வாத்தியார் சொன்ன பதில் ஒன்றுதான். "அருமையான யோசனைம்மா. இடம்தான் இல்லை." போன வருஷத்தோடு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். சரி, விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணியும் இப்படி நினைக்கிற மனிதரை என்ன செய்வது.

செவ்வாய்க்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் வேலை ஆரம்பமானது. காரின் தகட்டில் அண்ணன் குறித்து வைத்திருந்த நிற எண்ணைக் கடையில் காட்டி ஸ்ப்ரே டப்பாக்கள் வாங்கி வந்தார். பம்பரைக் கழற்றினார். கழற்றியதில் நாலு திருகு எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை, அது வேறு கதை. காரை வெளியே நிறுத்தி உறை போட்டு மூடினார். பம்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து வைத்தார். இதுவரை எல்லாம் சரி.

பிறகுதான் அவருக்கு மூளை வேலை செய்தது. வாசனை வெளியே போனால் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தால் சிஸ்டருக்குத் தெரியும். ஆகவே ஷட்டரை முழுக்க இறக்கினார். அடி இடுக்கில் பழைய போர்வையைத் திணித்தார். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பிரைமர் என்கிற அடிப்பூச்சு டப்பாவைக் குலுக்கி அடிக்க ஆரம்பித்தார்.

ஐந்து நிமிஷத்தில் தலை சுற்றியது. பத்து நிமிஷத்தில் இரண்டு பம்பர் தெரிந்தது. எதற்கு அடிப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது ஷட்டர் தடதடவென்று மேலே போனது. வாசலில் சிஸ்டர். அன்றைக்கு இரண்டு ஆபரேஷன் தள்ளிப்போனதால் சீக்கிரமே வந்துவிட்டாள்.

அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து படியில் உட்காரவைத்தாள். நாடி பார்த்தாள். மூன்று விரலைக் காட்டி எத்தனை என்றாள். நாலு என்றார். தண்ணீர் கொடுத்தாள். அவர் முகம் தெளிந்த பிறகுதான் விசாரணையை ஆரம்பித்தாள்.

"என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பம்பர் கொஞ்சம் மங்கலா இருந்துச்சு. சும்மா ஒரு கை பாக்கலாம்னு."

"ஷட்டரை எதுக்கு மூடினீங்க?"

"தூசி விழுந்துடும்னு."

"கீழே போர்வை?"

"அதுவும் தூசிக்குத்தான்."

சிஸ்டர் அவரையே பார்த்தாள். ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் பார்வை அந்த மறு பாதியில் கொஞ்ச நேரம் நின்றது. வாத்தியார் இடி விழப் போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"தாராளமா அடிங்க" என்றாள். "நல்ல விஷயம்தான். ஆனா என் முறைப்படி அடிக்கணும். நுரையீரல் உங்களுக்கு ரெண்டுதான் இருக்கு."

வாத்தியாரால் தன் அதிர்ஷ்டத்தை நம்ப முடியவில்லை. கீறலைப் பற்றிக் கேட்கவே இல்லை. மங்கல் என்றதை அப்படியே நம்பிவிட்டாள். இவ்வளவு படித்தவள் இவ்வளவு வெகுளியாக இருக்கிறாளே என்று கொஞ்சம் பரிதாபம்கூடப் பட்டார்.

மறுநாள் காலை ஷெட் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் செய்ய வேண்டியவை. நெருப்புப் பிடிக்கிற எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்பது முதல் வரி. பெயிண்ட் புகைக்கு ஒரு சின்னப் பொறி போதும் என்று அவள் விளக்கினாள். உபரி கேஸ் சிலிண்டர் வெளியே போனது. மண்ணெண்ணெய் டப்பா போனது. நியாயம்தான் என்று வாத்தியார் தலையாட்டினார். அப்புறம் அவள் பரீட்சைத் தாள்களைக் காட்டினாள்.

"அது காகிதம்தானே" என்றார் வாத்தியார்.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

ஒன்பது வருஷத்துப் பரீட்சைத் தாள்களும் பழைய சாமான்காரரின் வண்டியில் ஏறின. தலைநகரங்களைத் தப்பும் தவறுமாக எழுதிய தாள்கள். ஒவ்வொரு கட்டாக ஏறும்போதும் வாத்தியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சைக்கிளையாவது விட்டுவிடலாமே என்று கெஞ்சிப் பார்த்தார். பறக்கிற பெயிண்ட் தூள் எல்லாவற்றின் மேலும் போய் உட்காரும், சைக்கிளும் நீலமாகிவிடும், பரவாயில்லையா என்று கேட்டாள். சைக்கிளும் போனது. அதன் பின்னால் பெட்டிகள் போயின. வரைபடங்கள் மட்டும் வீட்டுப் பரணுக்கு ஏறின. அதற்கே அவர் கண்ணில் தண்ணீர் விடவேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காற்றோட்டம். ஷெட் சுவரோரம் நின்ற பழைய பீரோவை நகர்த்தியபோது அதன் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. இந்த வீட்டில் இப்படி ஒரு ஜன்னல் இருப்பதே வாத்தியாருக்கு மறந்துபோயிருந்தது. கொக்கியில் எண்ணெய் விட்டுத் தட்டித் திறந்ததும் அந்தப் பக்கத்துக் காற்று இந்தப் பக்கத்து வாசலுக்கு ஓடியது. தூசி ஒரு துளி இருந்தாலும் ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் சுவரைத் துடைக்கச் சொன்னாள். தரையைத் தேய்த்துக் கழுவச் சொன்னாள். நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதால் வெளிச்சமான விளக்கு இரண்டு. வாத்தியார் முழங்காலில் உட்கார்ந்து தரையைத் தேய்த்தார். அடியிலிருந்து ஒரு வெள்ளைத் தரை எழுந்து வந்தது. அதைப் பார்த்து அவருக்கே சந்தோஷமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முகமூடி. கைக்குட்டையைக் கண்ட இடத்தில் எரிப்பேன் என்று சொல்லியிருந்தாள். பெயிண்ட் புகைக்கென்றே விற்கிற, இரண்டு கன்னத்திலும் வடிகட்டி வைத்த முகமூடியை அவளே வாங்கி வந்து, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று சோதித்து மாட்டிவிட்டாள். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, தலையில் அவளுடைய பச்சைத் தொப்பி. கம்பியில் தொங்கிய பம்பர் முன்னால் வாத்தியார் டப்பாவோடு நின்ற கோலத்தைப் பார்த்தால் எந்த நோயாளியும் எழுந்து ஓடியிருப்பார்.

முதலில் வேறு எதிலாவது அடித்துப் பழகுங்கள் என்றாள். கையில் அகப்பட்டது சாமான் வண்டிக்குத் தப்பியிருந்த உலக உருண்டை. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரத்துக்கு வெளியே ஆரம்பித்து ஓரத்துக்கு வெளியே முடித்து, இந்தப் பக்கம் ஒரு வீச்சு, அந்தப் பக்கம் ஒரு வீச்சு. கண்டங்கள் எல்லாம் கடலுக்குள் போயின. இருபத்தெட்டு வருஷமாகப் பாடம் நடத்திய உலகத்தை நாலு நிமிஷத்தில் அழித்துவிட்டார்.

ஆனால் கை பழகிவிட்டது. அன்றைக்கே பம்பருக்குப் பிரைமர். சனிக்கிழமை காலையில் நிறம். ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவில் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். வாத்தியார் ஆறாவது நிமிஷமே டப்பாவைத் தூக்குவார். வாசலில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிஸ்டர் தொண்டையைக் கனைப்பாள். டப்பா கீழே இறங்கும். மெல்லிய பூச்சாக மூன்று, அதன்மேல் பளபளப்புக்கு ஒன்று. முகமூடியைக் கழற்றிவிட்டு அவர் வெளியே நின்று பார்த்தபோது, ஜன்னல் வெளிச்சத்தில் அந்த நீலம் ஈரமாக மின்னியது. தன் கையால் ஒன்றைச் செய்துமுடித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்று, நல்லா வந்திருக்குங்க என்றாள். அதை மனசாரத்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பம்பரைப் பொருத்தினார். அந்த நாலு திருகில் இரண்டுதான் மிச்சம். வாசலில் காரின் இடது மூலையை மறைத்தபடி எதேச்சையாக நிற்பதுபோல் நின்றார். மத்தியானம் அண்ணனுடைய வேன் வந்தது. அண்ணன் இறங்கினார். காரை ஏறெடுத்தும் பார்க்காமல் நேராக ஷெட்டுக்குள் போனார். இடுப்பிலிருந்து டேப்பை எடுத்துத் தரையை அளந்தார். அப்புறம் வேனின் பின்கதவைத் திறந்து, டிரைவரும் அவருமாக ஒரு இரும்புக் கட்டிலை இறக்கினார்கள். தலைமாட்டை உயர்த்துவதற்குக் கைப்பிடி வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில். அதற்குப் பின்னால் இன்னொன்று.

வாத்தியார் காரின் மூலையை விட்டுவிட்டுக் கட்டிலருகே ஓடினார். "யாருக்கு உடம்பு சரியில்லை?"

"யாருக்கும் இல்லைங்க" என்றாள் சிஸ்டர். "புதன்கிழமை வகுப்பு ஆரம்பிக்குது. பதினோரு பேர் வர்றதா சொல்லியிருக்காங்க. கட்டிலை எப்ப கொண்டுவரட்டும்னு அண்ணன் ஒரு மாசமா கேட்டுக்கிட்டே இருந்தார். இடம் ஒழியட்டும்னு சொல்லியிருந்தேன்."

வாத்தியார் ஷெட்டைப் பார்த்தார். வெள்ளைத் தரை. துடைத்த சுவர். இரண்டு விளக்கு. திறந்த ஜன்னல். அத்தனையும் அவரே செய்தது. ஒரு கட்டளையில்கூட அவள் பொய் சொல்லவில்லை.

இதற்குள் அண்ணன் பம்பர் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார். தலையைச் சாய்த்து வெளிச்சத்துக்குப் பார்த்தார்.

"இது நான் அடிச்சது இல்லையே" என்றார் அண்ணன். "யார் வேலை?"

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். சிஸ்டர்தான் சொன்னாள். மங்கலாக இருந்ததாம், அவரே அடித்தார் என்றாள்.

"இந்த ஓரத்துல ஒரு சொட்டு கனமா விழுந்திருக்கு. மத்தபடி குறை சொல்ல ஒண்ணும் இல்லை மாப்பிள்ளை. வாத்தியார் வேலை அலுத்துப்போனா நம்ம கடைக்கு வந்துடுங்க."

சிரிக்கவில்லை. நிஜமாகவே சொன்னார். வாத்தியாருக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. அண்ணன் கட்டிலைத் தூக்க உள்ளே போனதும் சிஸ்டர் அவர் காதருகே வந்தாள்.

"திங்கக்கிழமை சாயங்காலமே வாசல் கேட் தூணைப் பாத்துட்டேன். ஒரு முழத்துக்கு நீலம். அண்ணன் கண்ணுல படக் கூடாதுன்னு நான்தான் தேய்ச்சுக் கழுவினேன்."

வகுப்பில் புரட்டிப் பழக ஒரு நோயாளி வேண்டும், நீங்கள் படுத்துக்கொண்டால் போதும், பேசத் தேவையில்லை என்று அவள் சொன்னதற்குக்கூடத் தலையாட்டினார். உண்மையில் அவருக்கு உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது. பதினோரு பேர் என்பது முதல் நாளுக்கு நல்ல கூட்டம். ஆனால் இரண்டாவது கட்டிலும் உள்ளே போய் நின்ற பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது.

"அப்ப காரு?"

"இனிமே தெருவிலதாங்க."

"வெயில்லயும் மழையிலயும் நின்னா பெயிண்ட் போயிடுமே."

"போனா என்ன, அடிக்கத்தான் நீங்க இருக்கீங்களே. அண்ணனே சொல்லிட்டார்."

வாத்தியாருக்கு உற்சாகம் திரும்ப வந்துவிட்டது. ஒரு ராஜ்யம் போனால் இன்னொன்று. கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார். "அப்படின்னா அங்க சின்னதா ஒரு ஷெட் போட்டுடலாமா? ஜன்னல் வச்சு, விளக்கு வச்சு, பெயிண்ட் அடிக்கறதுக்குன்னே. என்ன சொல்றே?"

சிஸ்டர் கொல்லைப்பக்கத்தை நிதானமாகப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அருமையான யோசனைங்க. இடம்தான் இல்லை."