ஓதுவார் வீட்டு இரத்தசாட்சி

துன்பப்படுத்தப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது. யாரும் வெளியே சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில் அந்தச் சுகத்தை முழுதாக இரண்டு மாதம் அனுபவித்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், பதினான்கு பேர் கண் முன்னால், அது என்னிடமிருந்து பிடுங்கப்பட்டது. அன்றைக்கு விழுந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் சரியாக எழுந்திருக்கவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருடம். நாசரேத் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தென்காசிக்கு டீச்சர் வேலைக்கு வந்தேன். அப்பாவுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. தெரியாத ஊர், கோயில் ஊர், தனியாக ஒரு பெண். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டார்: விசுவாசத்துக்கு ஒரு சின்ன இடைஞ்சல் வந்தாலும் வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் பெட்டியோடு ஊர் திரும்பிவிட வேண்டும். எங்கள் சபையார் மட்டும் நான் வெளியூர் போவதில் அப்படி ஒரு சந்தோஷம் காட்டினார்கள். பாடகர் குழுவே ரயிலடி வரை வந்தது. (என் மேல் எவ்வளவு பிரியம் என்று ரயிலில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். பைத்தியக்காரி.)

தென்காசியில் வீடு கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வேதக்காரப் பெண், கிறிஸ்தவள் என்று தெரிந்ததும் காலியாக இருந்த வீடெல்லாம் சட்டென்று நிரம்பிவிடும். முடிவில் ஒரு ஓதுவார் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை கிடைத்தது. ஓதுவார் என்றால் கோயிலில் சாமி சந்நிதியில் நின்று பதிகம் பாடுகிறவர். நாற்பத்தைந்து வயது, ஒடிசலான உடம்பு, வாயைத் திறந்தால் பாட்டுக்குத்தான். அவர் மனைவி கோமதி அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: வீட்டுக்குள் மீன், கருவாடு வரக்கூடாது. கருவாட்டு வாசனையிலேயே வளர்ந்த என்னிடம்! அதையே என் முதல் உபத்திரவமாக எடுத்துக்கொண்டேன்.

தெருவில் நிஜமாகவே எதிர்ப்பு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கிணற்றடியில் நான் கயிற்றைத் தொட்டுவிட்டால் எதிர்வீட்டு அம்மாள் நான் போகும்வரை காத்திருந்து, கயிற்றைக் கழுவிவிட்டுத்தான் தண்ணீர் இறைப்பார். வேதக்காரியைத் தெருவுக்குள் விட்டாகிவிட்டது, இனி என்னவெல்லாம் நடக்குமோ என்று என் காதுபடவே பேசினார்கள். வேறு பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். சின்ன வயதிலிருந்து, விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த இரத்தசாட்சிகள் கதையாகக் கேட்டு வளர்ந்தவள். என் முறை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அதனால் இன்னும் தைரியமாக இருக்க முடிவு செய்தேன். தைரியம் என்றால் எனக்கு அப்போது தெரிந்த ஒரே அர்த்தம், சத்தம். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபம் செய்து, கீர்த்தனை பாடுவேன். முணுமுணுப்பெல்லாம் கிடையாது. தெருக்கோடி வரை கேட்க வேண்டும் என்று அடிவயிற்றிலிருந்து பாடுவேன். அதே ஐந்து மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓதுவாரும் சுருதிப்பெட்டியோடு உட்கார்ந்து பதிகம் பழகுவார்.

நாலாவது நாள் அவர் தன் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். எனக்குப் புல்லரித்தது. கர்த்தரின் நாமம் சொன்னதும் எதிரி கதவடைக்கிறான் பார் என்று, முக்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டு இன்னும் உரக்கப் பாடினேன். அடுத்த வாரம் அவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நான் இரண்டாம் சரணத்தை எடுத்ததும் சுருதிப்பெட்டி பாதியில் நின்றது. மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டே ஓடினார். அன்றைக்கு வெற்றிக் களிப்பில் கூடுதலாக ஒரு கீர்த்தனை பாடினேன்.

இதையெல்லாம் வாராவாரம் ஊருக்கு எழுதினேன். ஒன்றுகூடப் பொய்யில்லை. ஜன்னல் சாத்தியது, பஞ்சு, ஓட்டம், எல்லாம் நடந்தவை. ‘ஆனாலும் நான் சோர்ந்துபோகவில்லை, பாடுவதை விடமாட்டேன்’ என்று ஒவ்வொரு கடிதத்தையும் முடிப்பேன். கடிதங்களை ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசித்தார்களாம். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். இந்தச் செய்தி கேட்டதும் அடுத்த கடிதத்தை இன்னும் உருக்கமாக எழுதினேன்.

அப்பாவின் நிபந்தனை ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஆடி மாதத்தில் ஒரு தபால் அட்டை வந்தது. சனிக்கிழமை உபதேசியார் தலைமையில் சபையார் வருகிறார்கள், ஓதுவாரிடம் நியாயம் கேட்டுவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், பெட்டியைக் கட்டி வை என்று அப்பா எழுதியிருந்தார். எனக்கு அந்த வேலை உயிர். வகுப்பில் நாற்பது பெண் பிள்ளைகள், கையில் என் சொந்தச் சம்பளம். ஊருக்குத் திரும்பினால் அப்பா மறுபடி வெளியே விடவே மாட்டார். இரத்தசாட்சியாக இருப்பதற்கு இப்படி ஒரு விலை இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் வந்திருக்க வேண்டியவர்கள். எட்டு மணியிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பது, பத்து, பதினொன்று. வழியில் என்ன ஆபத்தோ என்று தவித்தேன். பன்னிரண்டு மணிக்குச் சாரலில் நனைந்தபடி பதினான்கு பேர் தெருவுக்குள் வந்தார்கள். எல்லார் தலையும் ஈரம். எல்லார் தோளிலும் துண்டு. உபதேசியார் கையில் வேதாகமம், கக்கத்தில் எண்ணெய்ப் பாட்டில். என்னை மீட்க வந்தவர்கள், நேரே குற்றாலத்துக்குப் போய் ஐந்தருவியிலும் பேரருவியிலும் ஆசை தீரக் குளித்துவிட்டு, புளியோதரையும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். (அருவி வறண்டு கிடக்கும் பங்குனியில் எழுதியிருந்தால் இரண்டு பேர் வந்திருப்பார்களா என்பது சந்தேகம்.)

கோமதி அக்கா ஒன்றும் கேட்கவில்லை. பதினான்கு பேர் நனைந்து வந்திருக்கிறார்களே என்று பாயை விரித்து, எல்லாருக்கும் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். உபதேசியார் கொண்டுவந்த பையில் அம்மா எனக்குக் கருவாடு கொடுத்தனுப்பியிருந்தாள். சாரல் ஈரத்தில் அது கூடம் முழுக்கத் தன்னை அறிவித்துக்கொண்டிருந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பையைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

உபதேசியார் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பிரசங்கத் தமிழில் தொடங்கினார். தேவனுடைய பிள்ளையை நீர் ஏன் உபத்திரவப்படுத்துகிறீர் என்று கேட்டார். ஓதுவார், “நானா?” என்றார். அவர் முகம் அப்படியே வெளிறிப்போனது. உபதேசியார் என் கடிதங்களை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தார். ஓதுவார் ஒன்றையும் மறுக்கவில்லை. ஆமாம், ஜன்னலைச் சாத்தினேன் என்றார். ஆமாம், பஞ்சு வைத்தேன் என்றார். ஆமாம், ஓடினேன் என்றார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் கையைப் பிசைந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

“டீச்சர் எந்தச் சாமியக் கூப்பிட்டா எனக்கென்ன? ஆனா சுருதி சேராமல்லா கூப்பிடுதாவ.”

உபதேசியார் கடிதங்களை மடித்து வேதாகமத்துக்குள் செருகினார்.

அவர் மெல்ல மெல்ல விஷயத்தைச் சொன்னார். காலையில் காதில் விழுந்த என் பாட்டு சாயங்காலம் வரை போவதில்லையாம். சந்நிதியில் நின்று வாயைத் திறந்தால் என் ராகம் வருகிறதாம். இரண்டு தடவை தர்மகர்த்தா திரும்பிப் பார்த்துவிட்டாராம். அடுத்த வாரம் கோயிலில் விசேஷம். மூன்றாம் தடவையும் திரும்பிப் பார்த்தால் பரம்பரையாக வந்த வேலை போய்விடும். ஒரு பெண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தேன் என்றார்.

கோமதி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “தெருவே சேந்து வந்து டீச்சரைக் காலி பண்ணச் சொல்லிச்சு. இவுகதான், அந்தப் பிள்ளை அதோட சாமியக் கும்பிடுது, அதுல என்ன குத்தம்னு கேட்டு அனுப்பினாவ. அதுக்கு இந்தப் பேரா?”

எந்த மனிதர் எனக்காகத் தெருவோடு மல்லுக்கு நின்றாரோ, அவரைத்தான் நான் வாராவாரம் கொடுங்கோலனாக எழுதிச் சபையை அழவைத்திருக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால்கூட ஊரில் தலைகாட்டியிருப்பேன். ஓதுவார் எங்கள் ஆட்களைப் பார்த்து, உங்கள் ஊரில் யாருமே இவர்களிடம் இதைச் சொன்னதில்லையா என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். சபையில் ஆர்மோனியம் வாசிக்கும் சாமுவேல் என்ற பையன், பின்வரிசையிலிருந்து தொண்டையைச் செருமினான்.

“எல்லாருக்கும் தெரியும்யா. சொல்லத்தான் ஒருத்தருக்கும் தைரியம் வரல.”

பதின்மூன்று தலைகள் ஆடின. உபதேசியார் தலையும் ஆடியது. எட்டு வயதிலிருந்து அந்தச் சபையில் பாடியிருக்கிறேன். என்னை ஏன் எப்போதும் மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் கடைசி ஆளாக நிறுத்தினார்கள் என்பதும், பாடகர் குழு ஏன் ரயிலடி வரை வந்தது என்பதும் ஒரே நொடியில் விளங்கின. பூமி பிளக்கவில்லை. தென்காசித் தரை கெட்டியானது.

உபதேசியார் நிலைமையைச் சமாளிக்க, சரி, எப்படியானாலும் பெட்டியை எடு, அப்பா கூட்டிவரச் சொல்லியிருக்கிறார் என்றார். நான் எழுந்தேன். ஓதுவார் முன்னால் போய்க் கைகூப்பி, மன்னிச்சிருங்கய்யா என்றேன். பிறகு உபதேசியார் பக்கம் திரும்பி, நான் வரவில்லை, இவர்கள் என்னை விரட்டவில்லை, நான்தான் இரண்டு மாதமாக இவரைச் சொந்த வீட்டிலிருந்து விரட்டியிருக்கிறேன், அப்பாவிடம் இதையே சொல்லிவிடுங்கள் என்றேன். இரண்டு மாதம் தொண்டை கிழியக் கத்தத் தேவைப்படாத தைரியம், அந்த நாலு வாக்கியத்தைச் சொல்லத்தான் எனக்குத் தேவைப்பட்டது.

இனிமேல் பாடவே மாட்டேன் என்றும் ஓதுவாரிடம் சொன்னேன். அவர் பதறிப்போனார். “பாடாம எப்படிக் கும்பிடுவிய?” என்று கேட்டார். அப்படியும் ஒரு பக்தி உண்டு என்பது அவருக்குத் தெரியவே இல்லை. கடைசியில் அவரே வழி சொன்னார். “ஆறு மணிக்கு நான் சிற்றாத்துக்குக் குளிக்கப் போயிருவேன். பொறவு தெரு முழுக்கக் கேக்கப் பாடுங்க. குறைச்சுப் பாட வேண்டாம்.”

மறுநாளிலிருந்து அதுதான் ஏற்பாடு. ஆறு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு, என் அறைப் பக்கம் பார்த்து, “போயிட்டு வாரேன் டீச்சர்” என்பார். அடுத்த நிமிஷம் நான் ஆரம்பிப்பேன். கோயில் விசேஷத்தில் அவர் பிரமாதமாகப் பாடினார், தர்மகர்த்தா திரும்பவில்லை என்று கோமதி அக்கா வந்து சொன்னார். தெருக்காரர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள இன்னும் ஒரு வருடம் ஆனது. நான் பாடும்போது சில ஜன்னல்கள் சாத்திக்கொள்ளத்தான் செய்தன. ஆனால் அது விசுவாசத்துக்காகவா, ராகத்துக்காகவா என்று எனக்கு அதற்குப் பிறகு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

அப்பாவை எப்படியோ பேசிச் சமாதானப்படுத்தியது சாமுவேல். உண்மையைச் சொல்லும் தைரியம் உள்ள ஒரே ஆள் சபையில் அவன்தான் என்று இரண்டு வருடம் கழித்து அவனையே கல்யாணம் செய்துகொண்டேன். அந்தத் தைரியத்தை அவர் இன்றுவரை குறைத்துக்கொள்ளவில்லை. (கல்யாணமானதும் ‘அவன்’ ‘அவர்’ ஆகிவிட்டார். அது நம் ஊர் வழக்கம்.)

தென்காசியைவிட்டுக் கிளம்பிய கடைசி நாள் காலையில் ஆறு மணி ஆயிற்று. குடை எடுக்கும் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். ஓதுவார் முற்றத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பாடுங்க டீச்சர் என்று கையைக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரை அந்த மனிதர் கேட்டார். நான் அழுதுகொண்டேதான் பாடினேன். அதனால் பாட்டு வழக்கத்தைவிட மோசமாகத்தான் இருந்திருக்கும். முடிந்ததும் கண்ணைத் திறந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

“ஒரு இடத்துல சேந்துது டீச்சர்.”

எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதனால் இன்றைக்கும் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் நான் கீர்த்தனையை எடுத்தால் என் வீட்டுக்காரர் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து, “இந்த இடமா இருக்குமோ?” என்பார். பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, “இல்லப்பா, இன்னும் வரல” என்பார்கள். நான் விடாமல் அடுத்த சரணத்துக்குப் போய்விடுவேன்.