சிவப்பிரகாசத்தின் படகுக் கக்கூசு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது பொன்னி. போன பங்குனி உத்திரத்தன்று, கோவில் அன்னதானப் பந்தியில் இலை போட்டதும், சோறு வருவதற்கு முன்னால் ஆரம்பித்தாள். பந்தியில் சொல்லுகிற கதையா இது என்று அந்த முருகன்தான் அவளைக் கேட்க வேண்டும். நான் சிரித்த சிரிப்பில் சாம்பார் ஊற்றிவிட்டுப் போனதே தெரியவில்லை. பொன்னி உப்பளத்தில் அருக்காணியோடு சேர்ந்து உப்பு வாருகிறவள். எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

அருக்காணியின் வீட்டுக்காரர் சிவப்பிரகாசம். கடலில் வலை போட்டுக்கொண்டிருந்த மனுஷர், இப்போது தன் ஃபைபர் படகில் வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு கழுவெளிக்குள் பூநாரை காட்டுகிறார். கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற அந்தக் காயலுக்கு எங்கள் பக்கம் கழுவெளி என்று பெயர். அவர் குரல் கொடுத்தால் எதிர்க்கரைக் கொக்கு திரும்பிப் பார்க்கும். வீட்டு வாசற்படி ஏறினதும் அந்தக் குரல் எங்கே போய் ஒளியுமோ, தெரியாது.

தை மாதத்தில் ஒரு நாள், சென்னையிலிருந்து வந்த ஒரு பெரியம்மாவுக்கு நடுக்கழுவெளியில் அவசரம் வந்துவிட்டது. கரை பக்கம் ஒதுங்கலாம் என்றால் சுற்றிலும் உப்புப் பாத்தி. மறைவுக்கு ஒரு செடி கிடையாது. சிவப்பிரகாசம் பூநாரையை விட்டுவிட்டுப் படகைத் திருப்பி விரட்டிக்கொண்டு வந்தார். இறங்கின பெரியம்மா, "டாய்லெட் இல்லாத படகுல இனிமே பொம்பளைங்க யாரும் ஏறாதீங்க" என்று கரையில் நின்ற அடுத்த கூட்டத்திடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கூட்டமும் கலைந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் சிவப்பிரகாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படைக்குப் போகிற ராஜா மாதிரி அறிவித்தார்.

"அருக்காணி, நம்ம படகுல டாய்லெட் வைக்கப் போறேன்."

"நல்ல காரியங்க. உப்பளத்துல நாங்க நாள் முழுக்க அடக்கிக்கினு கெடக்குற கஷ்டம் எங்களுக்குத்தான் தெரியும். ஆனா ஒண்ணு. செருப்பே ஏறக் கூடாதுன்னு எல்லாரையும் கழட்டச் சொல்ற படகு. அதுல கக்கூசு ஏறலாமா?"

"பின்பக்கம் வச்சிக்கலாம். அம்மன் முன்பக்கந்தான இருக்குது."

"சரிங்க. அப்புறம் அது எங்க போவும்?"

"எது?"

"அதாங்க."

"எங்க போவும்? தண்ணில போவும்."

"எந்தத் தண்ணில?"

"இன்னா கேள்வி இது? கழுவெளித் தண்ணில."

"அந்தத் தண்ணியத்தான மோட்டார் போட்டு எங்க பாத்திக்கு இறைக்கிறாங்க. அதுலதான நான் முழங்கால் வரைக்கும் நிக்கிறேன்."

"வத்தத்துல கடலுக்குப் போயிடும்."

"ஏத்தத்துல திரும்பி வந்துடும்."

"கடல்ல நாங்க போடுறதெல்லாம் திரும்பியா வருது?"

"கடலுக்குக் கதவு கெடையாது. இதுக்கு ஒரே ஒரு கதவுதான், அந்த முகத்துவாரம். அதே வழியில போவுது, அதே வழியில வருது. அந்த உப்பைத்தான் உங்க குழம்புல போடுறேன்."

குழம்பு என்றதும் மனுஷர் கொஞ்சம் நெளிந்தார். ஆனாலும் விடவில்லை.

"பின்ன இன்னா பண்ணச் சொல்ற? நான் அதைக் கையில தூக்கிக்கினு ஊருக்குள்ள நடக்கணுமா? சுறாவ தூக்கின கை இது."

"வேற யாரு தூக்குவா? ஊரான் வீட்டுப் புள்ளயா? நம்ம படகு. நாமதான் தூக்கணும்."

அதற்கு மேல் அருக்காணி பேசவில்லை. விளக்கேற்றப் போய்விட்டாள். பெண்சாதி பேசாமல் போனால் தான் ஜெயித்ததாக நினைக்கிற ஆண்பிள்ளைகளில் அவரும் ஒருவர்.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்ததால், ஒரு திட்டம் போட்டார். பிளாஸ்டிக் சீட்டு, சுற்றித் திரை, சீட்டுக்கு அடியில் மூடி போட்ட ஒரு டப்பா. இது அருக்காணிக்குக் காட்ட. டப்பாவின் அடியிலிருந்து படகு ஓரமாகத் தண்ணீருக்குள் இறங்குகிற ஒரு குழாய், நடுவில் ஒரு திருகு. இது தனக்கு. ஆட்கள் பூநாரையைப் பார்க்கிற நேரத்தில் காலால் திருகைத் தட்டிவிட்டால் காரியம் முடிந்தது. காலி டப்பாவைக் கரைக்குக் கொண்டுவந்தால் யாரும் யூகிக்கப் போவதில்லை.

அருக்காணி படகைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இந்தக் குழாய் எதுக்குங்க?"

"காத்து போவணும்ல."

"ஓ, காத்துக்கா. நல்லா யோசிச்சிருக்கீங்க."

முதல் சவாரிக்கு நாள் பார்த்தார்கள். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பெண்கள் கூட்டம் வந்திருந்தது. அதில் ரிட்டையர் ஆன ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா தலைவி போல. அருக்காணி உப்பளத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள், பொன்னி உள்பட. படகின் முன்பக்கம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, கண்ணை மூடிக் கும்பிட்டாள். கண்ணைத் திறந்தவள், வந்திருந்த எல்லோரையும் பார்த்து மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தாள். சத்தமாகப் பேசுகிற பழக்கமே அவளுக்குக் கிடையாது.

"அம்மா, எங்க வீட்டுக்காரரைப் பத்தி நானே சொல்லக் கூடாது. ஆனா சொல்லாம இருக்க முடியல. இந்தக் கழுவெளித் தண்ணியிலதான் நாங்க உப்பு எடுக்குறோம். அதனால இந்த டாய்லெட்டுலேருந்து ஒரு சொட்டு தண்ணிக்குள்ள போவக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. எல்லாத்தையும் கரைக்குக் கொண்டாந்து, தன் கையால தூக்கிக்கினு போயி, எங்க சவுக்குத் தோப்புல குழியில போட்டு மூடப் போறாரு. சுறா தூக்கின கைதான், ஆனா வெக்கமே படல. யாருக்குங்க அந்த மனசு வரும்?"

சிவப்பிரகாசம் மடித்துக் கட்டின வேட்டியை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஐயா, உங்க கையைக் குடுங்க" என்று பிடித்துக் குலுக்கினார். பிறந்ததிலிருந்து யாரும் அவரை ஐயா என்று கூப்பிட்டதில்லை. ஒரு பெண் ஃபோனில் வீடியோ எடுத்தாள். உப்பளத்துப் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பொன்னியும் கும்பிட்டாளாம், சிரிப்பை முந்தானையில் அமுக்கிக்கொண்டு.

படகு கிளம்பியது. தூரத்தில் பூநாரைகள் ரோஜா நிறத்தில் நின்றன. ஒருத்தியும் பார்க்கவில்லை. எல்லோரும் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து டாய்லெட்டைப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேர் போயும் வந்தார்கள். திருகு இருக்கிற பக்கம் சிவப்பிரகாசத்தின் கால் போனால், கூடவே எல்லோருடைய கண்ணும் போனது.

"இந்தக் குழாய் எதுக்கு ஐயா?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"காத்து போவறதுக்கும்மா."

"அப்ப மேல போகணும். தண்ணிக்குள்ள எதுக்குப் போகுது?"

"அதான்மா, தப்பா மாட்டிட்டானுங்க" என்று அவரே திருகை இறுக்கி, அதற்குக் கீழே இருந்த குழாயைப் பிடுங்கிப் படகுக்குள் போட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

கரை வந்ததும் டப்பாவோடு இறங்கினார். கனமான டப்பா. வீடியோ எடுக்கிற பெண் பின்னாலேயே வந்தாள். சுறாவைத் தூக்கிய நாளில் கூட இத்தனை பேர் கூட வந்ததில்லை. தோப்புக்குள் போனால், ஆழமாக ஒரு குழி தயாராக இருந்தது. பக்கத்தில் மூட்டை நிறைய தேங்காய் நார்த்தூள். ஆரோவில்லில் வேலை பார்க்கிற ரேகா, அருக்காணியின் தம்பி மகள், மண்வெட்டியோடு நின்றாள்.

"மாமா, ஒவ்வொருத்தரு போனதும் ஒரு பிடி தூள் போடச் சொல்லுங்க. நாத்தமே வராது. எங்க கெஸ்ட் ஹவுஸ்ல அப்படித்தான்."

கூட்டம் போனபிறகு, மண்ணை மூடிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன்டி அருக்காணி, இந்தக் குழியை எப்ப வெட்டுன?"

"நீங்க குழாய் வாங்கப் போனீங்களே, அன்னிக்குத்தாங்க."

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இப்போது ஆட்கள் வரிசையில் வருகிறார்களாம். ஊர்க் கூட்டத்தில் துண்டு போர்த்தினார்கள். இந்த யோசனை தனக்கு எப்படி வந்தது என்று அவர் கொக்கு திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னார். அருக்காணி பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவை கேட்கிறவள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாளாம். உப்பு வெள்ளையாகவே இருக்கிறது. அம்மன் புண்ணியம் பாதி, அவள் புண்ணியம் பாதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீங்களும் ஒரு நாள் பூநாரை பார்க்கப் போனால், படகில் ஏறுவதற்கு முன்னால் கரையிலேயே ஒரு தடவை போய்விட்டு ஏறுங்கள். பாவம், அந்த மனுஷர் தனியாளாகத் தூக்குகிறார்.