பெட்டாக் அண்ணன் கார் நிறுத்திய கதை

உலகத்தில் எல்லாரும் முதலில் கார் வாங்குவார்கள்; பிறகு நிறுத்த இடம் தேடி அலைவார்கள். இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதற்கேற்ற கார் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் பெட்டாக் அண்ணன்தான்.

சாலையோரத்தில் கார் நிறுத்த வெள்ளைக்கோட்டுக் கட்டம் போட்டிருக்கிறார்களே, அதற்கு மலாயில் பெட்டாக். அண்ணனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு என்று கேள்வி. மலாக்கா டவுனில் எங்கள் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு எதிரே, விளக்குக் கம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவில் மிச்சப்பட்ட இடத்தில் யாரோ ஒரு குட்டிப் பெட்டாக்கை வரைந்திருந்தார்கள். எந்தக் காரும் நுழையாது, எப்போதும் காலி. அண்ணன் அதைச் சணல் கயிற்றால் அளந்து, முடிச்சுப் போட்டு, கயிற்றோடு கார்க் கடைக்குப் போனார். துணைக்கு நான். எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரிசையாக எல்லாக் கார்களுக்கும் சட்டை தைப்பவர் மாதிரி அளவெடுத்தார்.

"அங்கிள், டெஸ்ட் டிரைவ் போறீங்களா?" என்றாள் விற்கிற பெண்.

"டிரைவெல்லாம் எனக்குத் தெரியும்மா. டெஸ்ட் பார்க்கிங் இருக்கா?"

அவர் வாழ்நாளில் பார்க்கிங் அபராதச் சம்மன் வாங்கியதில்லை. நான் அவருக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி ஆப்பில் பார்க்கிங் காசு கட்டும் முறை வந்ததும், இனி நமக்கு விடிவுகாலம் என்று நினைத்தேன். முதல் நாளே கார்க் கண்ணாடியில் சம்மன் காகிதம். கொதித்துப்போய் அண்ணனிடம் ஆப்பைக் காட்டினேன்.

"தம்பி, நேத்து ஞாயிறு எங்க போன?"

"செலண்டார். மாமியார் வீடு."

"ஆப்பு இன்னும் அங்கதான் இருக்கு. டவுன்ல நின்னுக்கிட்டு அந்தப் பக்கத்துக் கவுன்சிலுக்குக் காசு கட்டியிருக்க."

மறுநாள் கவனமாக ஊரை மாற்றினேன். கார் எண்ணை மாற்ற மறந்தேன். என் மனைவியின் கார் வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் சட்டப்படி நின்றது.

அண்ணனோடு மதியச் சாப்பாட்டுக்குப் போவது தனிக் கொடுமை. வாழையிலைக் கடை வாசலில் மஞ்சள் கோடு. "மஞ்சக் கோட்டுல ஒரு நிமிஷம்கூட நிக்கப்படாது தம்பி. நம்ம எல்லாம் ஒரு நிமிஷம்னு நினைக்கிற நேரத்துலதான் ஆபீசர் பொறந்தே வருவான்" என்பார். அவர் பார்த்துப் பிடித்த நியாயமான பெட்டாக்கிலிருந்து நடந்து கடைக்குப் போய், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, திரும்ப நடந்து காரை அடையும்போது எங்களுக்கு மறுபடி பசிக்கும்.

இப்படிப்பட்டவர் வீட்டில் கல்யாணம் வந்தது. ஒரே மகள் ஸ்டெல்லா. மாப்பிள்ளை வீடு கப்பலேறிப் போகிற தூரமில்லை, பாயா ரும்புட். தஞ்சோங் கிளிங்கில் இருக்கும் அண்ணன் வீட்டிலிருந்து கிளம்பினால் ரேடியோவில் நாலு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். கல்யாணம் டவுன் தேவாலயத்தில். பெண்ணைத் தன் காரில்தான் கொண்டுவருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்தத் தெருவோ ஒருவழிப் பாதை. இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே, கோட்டும் டையும் போட்ட என்னைக் காலையிலேயே வாசலுக்கு எதிரே ஒரு பெட்டாக்கில் நிறுத்தினார்.

"கார் மாதிரி நில்லு தம்பி. யாரு ஹார்ன் அடிச்சாலும் நகராத."

நின்றேன். பலர் அடித்தார்கள். ஒரு சீனக் கிழவர் என்னைச் சுற்றியே காரை உள்ளே விடப் பார்த்தார். அப்புறம் கவுன்சில் ஆபீசர் வந்தார். மலாயில் மரியாதையாக, "என்சிக், காரு எங்க?" என்றார்.

"வருது."

"ஆள் நிக்க இடமில்ல இது."

அவசரமாக ஆப்பைத் திறந்து, ஊர் சரி, எண் சரி என்று இரண்டு தடவை பார்த்து, அண்ணன் காருக்குக் காசு கட்டிக் காட்டினேன். வராத காருக்கு முன்கூட்டியே கட்டியவனை அவர் தம் உத்தியோகத்தில் பார்த்ததில்லை போலிருக்கிறது. தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

ரிப்பன் கட்டிய குட்டிக் கார் வந்தது. கையாட்டிவிட்டு ஒதுங்கினேன். கார் என்னைத் தாண்டிப் போனது.

சரி, கவனிக்கவில்லை. மறுபடி நின்றேன். தெருவைச் சுற்றி மறுபடி வந்தது. மறுபடி போனது. போன் அடித்தது, தேவாலயத்துக்குள் இருந்த அக்கா, அண்ணனின் மனைவி.

"தம்பி, எங்க உங்க அண்ணன்?"

"ரவுண்டுல இருக்காருக்கா."

"ஃபாதர் மணியப் பாக்குறாரு. அடுத்த கல்யாணத்துச் சீனக்காரங்க பூவோட வந்து நிக்கிறாங்க. இப்ப வரலைன்னா அவங்களத்தான் முதல்ல கூப்பிடுவாராம். மாப்பிள்ளைக்கு முகமே செத்துப்போச்சுலா!"

அடுத்த சுற்றில் ஓடிப்போய் ஜன்னலைத் தட்டினேன். "அண்ணே, இடம் இருக்கு! லாரியே நுழையும்!"

"பின்னாடி வண்டி வருது தம்பி, டிராஃபிக்க நிறுத்தப்படாது."

பின்னால் ஒரு பூனைகூட இல்லை.

அப்போதுதான் பார்த்தேன். உள்ளே இருக்கிற கண்ணாடி சாலையைப் பார்க்கவில்லை. பின் சீட்டில் வெள்ளைக் கவுனோடு உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஜன்னலிலிருந்து கையை எடுத்தேன். கார் நகர்ந்தது.

ஆனால் உள்ளே ஒரு மாப்பிள்ளை வேர்த்துக்கொண்டிருக்கிறானே. அடுத்த சுற்றுக்கு நடுச்சாலையில் போய்க் கையை விரித்து நின்றேன். கார் நின்றது. அண்ணன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா முன்னால் சாய்ந்து அவர் தோளில் கை வைத்தாள்.

"அப்பா, வாரா வாரம் பூசைக்கு இங்கதானே வரப்போறேன். நிறுத்துங்கப்பா."

"இடம் சின்னதா இருக்கேன்னு பாத்தேம்மா."

"சின்னதெல்லாம் இல்லப்பா. நான் கண்ணாடி வழியா உங்களப் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன்."

அண்ணன் ரிவர்ஸ் கியரைப் போட்டார். நான் பின்னால் நின்று, "கோஸ்தான், கோஸ்தான்... வாங்க... வாங்க... போதும்!" என்று கையைக் காட்டினேன். ஒரே வீச்சில் கார் கச்சிதமாக உட்கார்ந்தது. நாலு பக்கமும் கோட்டுக்குள்.

அவர் எஞ்சினை நிறுத்தவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"நேரா இருக்கா தம்பி?"

வாசலில் அக்கா இரண்டு கையாலும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் காரின் பின்பக்கம் குனிந்து, கோட்டைப் பார்த்தேன்.

"கொஞ்சம் கோணலா இருக்குண்ணே" என்றேன். "ஒரு தடவ வெளிய எடுத்துப் போடுங்க."