பன்னிரண்டு சென்டிமீட்டர் நுரை

மனித நாகரிகத்தின் உயரம் எவ்வளவு என்ற கேள்விக்கு எந்த அறிஞரும் இதுவரை திட்டமாக விடை சொன்னதில்லை. அந்தப் பெருமை ஒரு சோப்புத் தொழிற்சாலையின் இரண்டாம் மாடியில் கூடிய 'நுரை உயர்நிலைக் குழு'வையே சேரும். விடை: பன்னிரண்டு சென்டிமீட்டர்.

தொழிற்சாலை புதிதாக ஒரு ஷேவிங் சோப்பு செய்திருந்தது. பிரஷ்ஷால் தேய்த்து நுரை எடுக்கும் பழைய ரகம். பழையதுதான் இப்போது புதுசு என்று விற்பனை அதிகாரி கண்டுபிடித்திருந்தார். சோப்பு நன்றாகவே வந்திருந்தது. நுரை எடுப்பது எப்படி என்று பெட்டிக்குள் வைக்கும் துண்டுச் சீட்டு மட்டும்தான் பாக்கி. துண்டுச் சீட்டை ஒரே ஆள் எழுதிவிட்டால் நிர்வாகம் என்று ஒன்று எதற்கு? ஆகவே குழு.

தலைவர், தரக்கட்டுப்பாட்டு மேலாளர். மார்பு வரை தாடி. சவர விஷயத்தில் சொந்த விருப்பு வெறுப்பு இல்லாதவர் என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். விற்பனை அதிகாரி சலூன் நாற்காலியில் சாய்ந்ததும் தூங்கிவிடுபவர். அவருக்கும் முன்முடிவுகள் கிடையாது. மூன்றாவது உறுப்பினர் சோதனைக்கூடத்துப் பெண். வேதியியல் பட்டதாரி. வேலைக்கு வந்து பதினோரு மாதம். பன்னிரண்டாம் மாதம் அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது தலைவர் கையில் இருந்தது. கூட்டங்களில் அவள் வாய் திறப்பது கொட்டாவி விட மட்டும்தான். அதையும் கையால் மூடிக்கொள்வாள்.

அவளிடம் ஒரே ஒரு குறை. விஷயம் தெரியும்.

தெரிந்துகொள்ள அவளிடம் தாடி இல்லை. அதனால் அப்பாவின் கன்னத்தை நாற்பது நாள் கடன் வாங்கியிருந்தாள். அப்பா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அச்சுக்கு முன்னால் எந்த எழுத்தையும் நம்பமாட்டார். அச்சான பிறகு எந்த எழுத்தையும் சந்தேகப்படமாட்டார். தினமும் காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால், கழுத்தில் துண்டோடு, தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்.

"இன்னிக்கு எத்தனை சொட்டு பாப்பா?"

"நேத்து பதினஞ்சு. இன்னிக்கு இருபது. அசையாதீங்கப்பா."

"மூக்குக்குள்ள போகுதே!"

"மூக்கு கணக்குல சேராது."

நாற்பதாம் நாள் அவளுக்கு முடிவு தெரிந்தது. பிரஷ்ஷை வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிடம் ஊறவிட்டு உதற வேண்டும். சோப்பின் மேல் அரை நிமிடம் சுற்ற வேண்டும். பிறகு கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டு, அவசரப்படாமல் சுழற்ற வேண்டும். குமிழி ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியக்கூடாது. பிரஷ்ஷைக் கவிழ்த்தாலும் நுரை விழக்கூடாது. அன்று அப்பா கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு இப்படி அமையல" என்றார்.

அவள் எட்டு வரியில் எழுதிக் கொடுத்தாள். குழு கூடியது. நுரையை அளவு ஜாடியில் போட்டுத் தலைவர் குனிந்து பார்த்தார்.

"ரெண்டா?"

"ஆமா சார். கனமான நுரை. காத்து கம்மி."

"விதியில பன்னெண்டுன்னு இருக்கேம்மா."

விதி இருந்தது உண்மைதான். தலைவர் முன்பு துணி துவைக்கும் தூள் பிரிவில் இருந்தவர். மாற்றலாகி வரும்போது நாற்காலியோடு விதியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"சார், அது துணிக்கு..."

"துணியில அழுக்கு போகுது. மூஞ்சியில முடி போகுது. ரெண்டும் போறதுதானே?"

"ரெண்டு சென்டிமீட்டர வச்சு நான் எப்படிங்க விளம்பரம் பண்றது?" என்றார் விற்பனை அதிகாரி. "நுரைன்னா தலகாணி மாதிரி இருக்க வேணாமா?"

தலைவர் கோட்டைக் கழற்றினார். அரைக் கிண்ணம் தண்ணீர் ஊற்றி, பிரஷ்ஷால் மேலும் கீழுமாக நானூறு அடி அடித்தார். தாடியிலும் கொஞ்சம் தெறித்தது; அந்தத் தாடி சோப்பைக் கண்டது அதுவே முதல்முறை. நுரை ஜாடியில் ஏறியது. பன்னிரண்டரை! அந்த அரை சென்டிமீட்டர் தலைவரின் தனிப்பட்ட பங்களிப்பு என்று குறிப்பேட்டில் பதிவானது.

அப்போதுதான் அந்தப் பெண் கொட்டாவி அல்லாத ஒன்றுக்கு வாய் திறந்தாள்.

"சார், மூஞ்சியில போட்டுப் பாத்துடலாமா? ஒரு கன்னத்துல உங்களோடது. இன்னொரு கன்னத்துல என்னோடது."

"யாரு மூஞ்சியில?"

பெட்டியில் போடத் தன் முகத்தைப் படமெடுக்க வேண்டும் என்று பொது மேலாளர் ஏற்கெனவே ஆசைப்பட்டிருந்தார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மறுநாள் காலை அவர் நாற்காலியில் அமர, சலூன்காரர் வரவழைக்கப்பட்டார். இடது கன்னம் குழுவுக்கு. வலது கன்னம் பெண்ணுக்கு.

சலூன்காரர் இடப்பக்கம் குனிந்து பார்த்தார். "சார், இது நுரை இல்ல, வெறும் காத்து. பிளேடு வழுக்காது."

"உங்க வேலை பிளேடு. நுரை எங்க வேலை," என்றார் தலைவர். பிறகு நுரையின் வரலாற்றுச் சிறப்பைப் பற்றி மூன்று நிமிடம் உரையாற்றினார். அதற்குள் பொது மேலாளரின் இடது கன்னத்தில் வரலாறு பொரிந்து, உடைந்து, சுண்ணாம்பாகக் காய்ந்தது. கத்தி பட்டது.

"ஐயோ!"

"நான் என்ன சார் பண்ணட்டும்? முன்னாடியே சொன்னேனே!"

மூன்று வெட்டு. மூன்று பஞ்சு. பிறகு வலது கன்னம். பெண்ணின் நுரை அதே மூன்று நிமிடம் காத்திருந்தும் பளபளப்பு மாறாமல் ஒட்டியிருந்தது. கத்தி சத்தமில்லாமல் இறங்கியது. பொது மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும், "அவ்வளவுதானா?" என்றார் ஏக்கத்தோடு.

குழு தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. இடது: பன்னிரண்டரை, தேர்ச்சி. வலது: இரண்டு, தோல்வி. வெட்டுகளுக்குக் காரணம்: 'கன்னத்தின் ஒத்துழையாமை.' ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்னதாக ஊரில் கேலி பேசுவார்கள். அந்தக் கூடத்தை யாராவது அளந்து பார்த்தார்களா? குழு அளந்து பார்த்தே சொன்னது.

"இந்தப் பக்கம் நல்லா இருக்கேய்யா," என்றார் பொது மேலாளர், வலப்பக்கத்தைத் தடவியபடி.

"அது தற்செயல் சார். உயரமே இல்லாம நல்லா இருந்தா அதை எந்தக் கட்டத்துல எழுதுறது?" என்றார் தலைவர்.

எந்தக் கட்டத்திலும் எழுத முடியாததை ஒரு பொது மேலாளர் எப்படி நம்புவார்? தலையசைத்தார். இடப்பக்கம் வலித்ததால் மெதுவாக.

புகைப்படக்காரர் வலது கன்னத்தை மட்டும் படமெடுத்தார்.

மாலையில் தலைவர் பெண்ணைக் கூப்பிட்டு மேஜையில் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று குழுவின் செய்முறைச் சீட்டு. அடியில் 'சோதித்துச் சான்றளித்தவர்' என்று ஒரு கோடு. மற்றது அவளுடைய பணி நிரந்தர ஆணை.

"இதுல நீங்க போடுங்கம்மா. அதுல நான் போடுறேன்."

"சார், அந்த இடது கன்னம்..."

"அது ஆறிடும்மா."

அவள் பேனாவை மூடினாள். திறந்தாள். பதினோரு மாதத்தை நினைத்துக்கொண்டாள். இருப்பதிலேயே சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்தாள். நிறுவனம் திறமையை மறைத்து வைக்காது. அச்சில் அதை மூன்று மடங்கு பெரிதாக்கினார்கள்.

சோப்பு வெளிவந்தது. பெட்டிக்கு மேலே வலது கன்னம். பெட்டிக்கு உள்ளே இடது கன்னத்தின் செய்முறை.

முதல் பெட்டியை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சீட்டை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தபடியே வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா பிரித்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவையும் கையில் எடுத்து, சீட்டை மூன்று முறை வாசித்தார்.

"ஒரு பிழை இல்ல பாப்பா!"

அவள் பணி நிரந்தர ஆணையைக் காட்டினாள். அப்பா அதையும் மூன்று முறை வாசித்தார்.

மறுநாள் காலை குளியலறையிலிருந்து வந்த சத்தத்தில்தான் கண்விழித்தாள். தப், தப், தப். கூடவே அப்பாவின் குரல்.

"முந்நூத்தித் தொண்ணூத்தெட்டு... முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது..."

அவள் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "அப்பா, வேணாம்ப்பா! கதவத் திறங்க!"

"இரு பாப்பா, முடியப்போகுது."

கதவு திறந்தபோது அவருடைய இரண்டு கன்னத்திலும் பஞ்சு இருந்தது.

"என்னப்பா இது? நாப்பது நாள் நாம பாத்ததெல்லாம் மறந்துபோச்சா?"

"அது சோதனைம்மா. இதுதானே முடிவு?" அப்பா ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, சீட்டு நனையாமல் பத்திரமாக மடித்தார். "உன் கையெழுத்து போட்டிருக்கே. ஒரு வரி விடாம செஞ்சேன்."